காய்ச்சிய தண்ணீர் ஆறும் வரை

என் வகுப்பை இனி எடுக்கப்போகிற உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இதை ஒரு பாடமாக மதிப்பவர்கள் குறைவு. கால அட்டவணையில் ‘அறிவியல் தொடர்பியல்’ என்று கம்பீரமாக இருக்கும். ஆசிரியர் அறையில் அதற்குப் பெயர் ‘பேச்சு கிளாஸ்’. புள்ளியியல்காரருக்குப் பாடம் முடியவில்லை என்றால் அவர் கைவைப்பது உங்கள் மணி நேரத்தில்தான். சிரித்துக்கொண்டே கேட்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு நாளிதழில் அறிவியல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பேசவும் எழுதவும் சொல்லித்தரக் கோவைக்கு வந்தவள். பத்திரிகையில் எனக்குத் தொழில் பழக்கிய செய்தி ஆசிரியர் கடுகடுப்பான மனிதர். என் முதல் கட்டுரையைப் படித்துவிட்டு, “படிக்கிறவன் முட்டாள் இல்லம்மா, அவசரத்துல இருக்கறவன். அந்த வித்தியாசம் தெரிஞ்சப்புறம் எழுதிக் கொண்டா” என்று தாளை என் பக்கமே தள்ளினார். கல்லூரியில் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது ஏறக்குறைய அதைத்தான். ஆனால் அது தாளில் படிக்கிறவர்களுக்கான பாடம். ஒரு வீட்டு வாசலில் நின்று பேசுவதற்கு வேறொன்றும் வேண்டியிருக்கிறது. அதை நான் ஒரு மஞ்சள் காமாலைக் காலத்தில் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்லைடு எதுவும் கிடையாது, பயப்படாதீர்கள்.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். தெருவுக்குத் தெரு விசைத்தறிக் கூடங்கள்; அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அங்கே ஒருவர் பின் ஒருவராகக் கண் மஞ்சளாகிப் படுத்தார்கள். குடிநீர்க் குழாய் எங்கோ உடைந்து சாக்கடை கலந்திருக்க வேண்டும் என்று ஊகித்து, சுகாதாரத் துறையினர் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வகைக் கிருமி என்ற பரிசோதனை முடிவு வந்திருக்கவில்லை. தண்ணீர் வழியாகப் பரவும் காமாலையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இரண்டிலும் பெரும்பாலானவர்கள் சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். ஆனால் ஒரு வகை, பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களின் உயிருக்கே வினையாகிவிடலாம். முடிவு வரும்வரை, வந்திருப்பது அந்த வகைதான் என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும். பெரிய மருந்து எதுவும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் காப்பு.

அந்த ஊரில் எட்டாம் மாதத்தில் ஒருத்தி இருந்தாள். பெயர் சுகந்தி. தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள், வயிறு பெரிதானபின் வீட்டோடு இருந்தாள். கணவன் மணி தறி ஓட்டினான். வீடு காலனியில். கொங்குக் கிராமங்களில் ‘ஊர்’ என்றால் ஓரிடம், ‘காலனி’ என்றால் வேறிடம், இரண்டிலும் இருக்கும் சாதிகள் வேறு என்பதை உங்களில் வெளியூர்க்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர்க் குழாய் மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஊர் மாரியம்மன் நோம்பி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நோம்பி என்றால் இங்கே திருவிழா. வீட்டுக்கு வீடு வெளியூர் ஒறம்பரை, அதாவது உறவினர்கள், வந்து இறங்குவார்கள். வந்தவர்களுக்கு முதலில் தருவது என்ன? தண்ணீர். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கைபேசியில் கூப்பிட்டு, “வீடு வீடாப் போய்ச் சொல்ல எனக்கு ஆள் பத்தாது, உங்க பசங்களை அனுப்பறீங்களா?” என்று கேட்டார்.

என் மாணவர்கள் ஏற்கெனவே உற்சாகமாக ஒரு வீடியோ செய்து அனுப்பியிருந்தார்கள். கொதிக்கிற பானை, கீழே எழுத்து, பின்னணியில் நாயகன் சண்டைக்குப் போவது போன்ற இசை. ஊரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கும்பிடும் கைகளாக வந்து கொட்டியது. பஞ்சாயத்துத் தலைவர்தான் முதல் கும்பிடு. கும்பிட்ட கையோடு எல்லோரும் போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள்.

எனவே நேரில் போனோம். காலனிக்கு நான் அனுப்பியது தரணி என்ற மாணவனை. சத்தியமங்கலத்துக்காரன், தோட்டம் துரவு உள்ள குடும்பம். ‘ஏனுங்க’ இல்லாமல் அவன் பேச்சைத் தொடங்கி நான் கேட்டதில்லை. தவறான எண்ணிலிருந்து அழைப்பு வந்தால்கூட, “போச்சாதுங்க, பரவாயில்லீங்க, சாப்டீங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பான். வாசலில் நின்று பேச இவனைவிட நல்ல ஆள் யார் கிடைப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கிராமத்து நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்காதீங்க. உங்க தரணித் தம்பி காலனில என்ன சொல்லிட்டு வந்துச்சுங்க?”

“தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னுதான்.”

“அப்படித்தானுங்க சொல்லியிருக்குது. தங்கமான தம்பின்னு எல்லா ஊட்டுலயும் சொல்றாங்க. ஆனா ஒரு ஊட்டுலயும் காச்சலீங்க. சுகந்தியோட மாமியா மாராத்தாளக் கேட்டா, ‘அந்தச் சாமியே நம்மூட்டுல ஒரு சொம்புத் தண்ணி முழுசாக் குடிச்சுப்போட்டுப் போச்சுங்க, தண்ணி கெட்டதா இருந்தா படிச்ச புள்ள குடிக்குமா?’ன்னு கேக்குதுங்க. இப்ப பக்கத்து ஊட்டுப் புள்ளைக்குக் கண்ணு மஞ்சளாயிருக்குது. எனக்கு அந்தச் சுகந்திய நெனச்சாத்தான் பதறுதுங்க.”

தரணியைக் கூப்பிட்டேன்.

“நீ குடிச்சியா?”

“குடுத்த ஊட்டுலயெல்லாம் குடிச்சேனுங்க மேடம்.”

“காய்ச்சினதா?”

தலையைக் குனிந்துகொண்டான். “இல்லீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவன் மெதுவாகப் பேசத் தொடங்கினான்.

“அந்தம்மா என்னை எந்த ஊருன்னு கேட்டாங்க. சத்தின்னேன். சத்தில எங்க, யாரு ஊடுன்னாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் உள்ள போயிச் சொம்புல தண்ணி எடுத்துட்டு வந்தாங்க. ஆனா கையில குடுக்கலீங்க. அப்படியே நின்னாங்க. ‘தண்ணி குடிப்பீங்களா சாமி?’ன்னு கேட்டாங்க மேடம். எங்கம்மா வயசுங்க அவங்களுக்கு. தண்ணில கிருமி இருக்குது, வேண்டாங்கன்னு அந்த எடத்துல எப்படீங்க சொல்றது? கிருமிக்குத்தான் வேண்டாங்கறேன்னு அவங்க நெனப்பாங்களா?”

என் கோபம் வந்த வழியே போய்விட்டது. இந்த நாட்டில் ஒரு வீட்டுத் தண்ணீரை மறுப்பது சாதாரணக் காரியம் இல்லை. பங்காளிச் சண்டை முற்றினால், “அவங்க ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டோம்” என்பார்கள். உறவு அறுந்தது என்று பொருள். அதையே ஊர்ச் சாதிக்காரன் ஒருவன் காலனி வீட்டில் செய்தால் அதற்குப் பொருள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் மாராத்தாள் சொம்பை நீட்டாமல் நின்றிருக்கிறார்.

அதே காலனியின் அடுத்த வரிசைக்குப் போன சென்னை மாணவி ஒருத்தியின் கதை நேர் எதிர். பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தபோது பாட்டிலைக் காட்டி, “எங்கிட்ட இருக்கு, தேங்க்ஸ்” என்று இனிமையாகச் சொல்லியிருக்கிறாள். சுகாதாரப்படி அவள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அந்த வரிசையில் மறுநாள் ஒருவரும் அவளுக்குக் கதவைத் திறக்கவில்லை.

ஆக, குடித்தவனைப் பார்த்துத் தண்ணீரைக் காய்ச்சவில்லை. குடிக்காதவளின் பேச்சையே கேட்கவில்லை. பாடத்திட்டத்தில் இதற்கு விடை இருக்கிறதா என்று தேடாதீர்கள். அந்தப் பாடத்திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்று மதியம் சுகாதார நிலையத்தில் கூடிப் பேசினோம். டாக்டரம்மா பொறுமையானவர்தான், ஆனால் தூக்கம் கெட்டிருந்தார். “அந்தப் பையனை இனி அனுப்பாதீங்க மேடம். அவன் முகத்தைப் பார்த்தாலே ஜனங்களுக்கு அந்தச் சொம்புதான் ஞாபகம் வரும். வேற ஆளைப் போடுங்க.” நியாயமான பேச்சு. என்னோடு வந்திருந்த சக ஆசிரியர் வேறொரு வழி சொன்னார். “எதுக்குச் சிக்கல்? ‘நான் தடுப்பூசி போட்டவன், அதனாலதான் குடிச்சேன், உங்களுக்கு ஆகாது’ன்னு அவனையே சொல்லச் சொல்லிடுங்க. ஒரே பேச்சுல முடிஞ்சிரும்.”

முடிந்துதான் இருக்கும். இதை ஒத்துக்கொள்ள வேண்டும்: அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது. சின்னது, நல்ல நோக்கம் கொண்டது, ஒருவரையும் புண்படுத்தாதது. அவசர நேரத்தில் உங்கள் மேசைக்கும் இப்படிப்பட்ட அழகான பொய்கள் வரும். வரும்போது, இதைக் கேட்ட ஆள் அடுத்து என்ன கேட்பார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மாராத்தாள் என்ன கேட்பார்? “எங்க சுகந்திக்கும் அந்த ஊசியப் போட்டுருங்க சாமி” என்பார். நாங்கள் பயந்த வகைக்கு இங்கே ஊசியே கிடைக்காது. அப்போது என்ன சொல்வோம்? இன்னும் சில வாரத்தில் தரணிக்கே கண் மஞ்சளானால் என்ன சொல்வோம்? அதற்கப்புறம் அந்தக் காலனியில் சுகாதாரத் துறை எதைச் சொன்னாலும் எடுபடாது.

“அவனே போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். நானும் கூடப் போறேன்” என்றேன். டாக்டரம்மா ஒப்புதலாகவும் இல்லாமல் மறுப்பாகவும் இல்லாமல் தலையசைத்தார். “சுகந்திக்கு ஏதாவது ஆச்சுன்னா...” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் முடிக்காமல் விட்டதைச் சுமந்துகொண்டுதான் நான் படியிறங்கினேன்.

போகும் வழியில் தரணி கேட்டான். “மறுபடியும் தண்ணி குடுத்தாங்கன்னா என்னங்க மேடம் பண்றது?”

“எனக்குத் தெரியலை தரணி” என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அதற்குமேல் பேச முடியாதபடி இருபுறமும் தறிகள் இரைந்தன. அவன் கீழே பார்த்தபடியே நடந்து வந்தான்.

சுகந்தி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிறைந்த வயிறும் கூர்மையான கண்களுமாக இருந்தாள். தரணியைப் பார்த்ததும், “வாங்க தம்பி, மறுபடியும் தாகமாயிருச்சுங்களா?” என்றாள். நர்சம்மா வந்து விசாரித்துப் போனது அவள் காதுக்கு எட்டியிருந்தது என்று புரிந்தது. மாராத்தாள் அவசரமாக எழுந்து, “சும்மா இரு புள்ள” என்று மருமகளை அடக்கினார்.

“அக்கா கேக்கறது சரிதானுங்கம்மா” என்றான் தரணி. “அன்னிக்கு நாம் பண்ணுனது தப்புங்க. காச்சிக் குடிங்கன்னு சொல்லிப்போட்டு, நானே காச்சாததைக் குடிச்சேன்.”

“அப்பறம் ஏங் குடிச்சீங்க?”

“வேண்டாம்னா நீங்க வேற மாதிரி நெனச்சுக்குவீங்களோன்னு பயந்துட்டேனுங்கக்கா.”

“வேற மாதிரின்னா?”

அவள் விடுகிற மாதிரி இல்லை. தரணி என்னை ஒருமுறை பார்த்தான்.

“சாதிக்குன்னு நெனச்சுக்குவீங்கன்னுதானுங்க” என்றான்.

இந்தப் பக்கத்து ஊர்களில் அந்தச் சொல் எல்லோர் மனதிலும் இருக்கும். பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் யாரும் அதை உரக்கச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் கிளம்ப வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாராத்தாள் முந்தானை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெனச்சிருப்போமுங்க” என்றாள் சுகந்தி. குரலில் இருந்த குத்தல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “செரி, குடிச்சீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?”

“அது இன்னும் தெரியாதுங்கக்கா. தெரிய ஒரு மாசத்துக்கு மேலகூட ஆகும். வந்தாலும் வரும், வராமயும் போகும். எனக்கு வந்தா படுத்து எந்திரிச்சுக்குவேன். உங்களுக்கு வந்தா அப்படியில்லீங்க. மாசமா இருக்கறவங்களுக்கு ரொம்ப மோசமாப் போற ஒரு வகை இருக்குது. இது அந்த வகைதானான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் அதுதான்னு வெச்சுக்கோணுமுங்க.”

தெரிந்தது எது, தெரியாதது எது, தெரியாதபோது என்ன செய்வது என்று மூன்றையும் பிரித்துச் சொல்லும் பயிற்சிக்கு நான் ஒரு பருவம் முழுக்கச் செலவிடுவேன். தேர்வில் தரணி அதில் சுமாரான மதிப்பெண்தான் வாங்கியிருந்தான். அந்த வாசலில் ஒரு மூச்சில் சொல்லி முடித்தான். சுகந்தியின் கை அவளை அறியாமலே வயிற்றின்மேல் போனது.

அப்போது மாராத்தாள் எழுந்து உள்ளே போனார். வாசலுக்கு வந்தவர்களைச் சும்மா நிற்கவைக்கக் கூடாது என்ற பழக்கம்தான் அவரை எழுப்பியிருக்க வேண்டும். சொம்பில் தண்ணீரோடு நிலைப்படிக்கு வந்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் சொம்பைப் பார்த்தோம்.

“தண்ணி வேணுமுங்கம்மா” என்றான் தரணி. “நல்லாத் தாகமா இருக்குது. ஆனாக் காச்சிக் குடுங்க. ஆறுற வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறேனுங்க.”

சொல்லிவிட்டு நிலைப்படிக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

“ஆற நேரமாகுமுங்களே சாமி.”

“ஆகட்டுங்க. சாமின்னு கூப்புடாதீங்கம்மா. தரணீங்க.”

மாராத்தாள் மருமகளைப் பார்த்தார். மருமகள் சிரித்துவிட்டாள். “வெய்யுங்கத்தே, தம்பி எந்திரிக்கற மாதிரி தெரியல” என்றாள். உள்ளே கேஸ் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. நானும் உட்கார்ந்தேன். என் முழங்கால்கள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகு இறக்கி, பாத்திரத்தோடு ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டார்கள். அந்த நேரம் முழுக்கப் பழமை பேசிக்கொண்டிருந்தோம்; ஊர்க்கதை பேசுவதற்கு இங்கே அதுதான் பெயர். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம், தாய்வீடு எங்கே, தறிக்கூடத்து முதலாளி எப்படி என்று எல்லாம் வந்தது. தண்ணீர் கொதிக்கும்போதே சுகந்தி, “வெறும் தண்ணியக் காச்சுனாச் சப்புனு இருக்கும், ஒரு சிட்டிகை சீரகத்தப் போடுங்கத்தே” என்றாள். போட்டபின் அவளே யோசித்துச் சொன்னாள். “இது நல்லதாப் போச்சுங்க. காச்சுனதா காச்சாததான்னு பாத்தாலே தெரியும். நோம்பிக்கு வார ஒறம்பரைக்கும் இதையே குடுத்துக்கலாம். ஏதோ விசேசமாக் குடுக்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்க.”

ஊர்ப்பையன் ஒருவன் காலனி வீட்டுத் தரையில் தண்ணீர் ஆறுவதற்காக உட்கார்ந்திருக்கிறான் என்பது வேடிக்கை பார்க்கத் தகுந்த செய்திதானே? அக்கம்பக்கத்தார் வந்து நின்றார்கள். அவன் அண்ணாந்து சொம்பைக் காலி செய்ததும் அடுத்த வீட்டுப் பெண், “எங்கூட்டுக்கும் வரோணுமுங்க தம்பி” என்றாள். “வாரேனுங்க. காச்சி வெய்யுங்க” என்றான். அவள் வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அவன் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவன் போவதற்குள் பாத்திரம் இறங்கியிருந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பும்போது அவன் வயிறு குளுகுளுவென்று சத்தம் போட்டது எனக்கே கேட்டது. மறுநாள் அந்தச் சென்னை மாணவி பாட்டிலைச் சுகாதார நிலையத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அவள் போன வரிசையிலும் கதவுகள் திறந்தன.

நோம்பிக்குச் சீரகத் தண்ணீர் காய்ச்சும் பழக்கம் காலனியிலிருந்து ஊருக்குள்ளும் போனது. யாரிடமிருந்து வந்தது என்று ஊருக்குள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. போகட்டும். உடைந்த குழாயைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். பரிசோதனை முடிவும் வந்தது. நாங்கள் பயந்த அதே வகைதான்.

சுகந்திக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அவள் கண் கடைசிவரை மஞ்சளாகவே இல்லை. காய்ச்சிய தண்ணீர்தான் அவளைக் காப்பாற்றியது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முன்பு குடித்ததில் கிருமி இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு முடிவு சொல்லக் கூடாது என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் நர்சம்மா குழந்தையின் படத்தை அனுப்பிய அன்று, நான் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

கண் மஞ்சளானது தரணிக்குத்தான். நோம்பி முடிந்து சில வாரத்தில் படுத்தான். சத்தியமங்கலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அந்தப் பருவத் தேர்வு போயிற்று.

செய்தி எப்படியோ சுகந்திக்குப் போய், எனக்கு அழைப்பு வந்தது. “எங்க ஊட்டுத் தண்ணியாலதானுங்களே டீச்சரம்மா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. அன்று அவன் பல வீடுகளில் குடித்தான், எந்தச் சொம்பு என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். அது உண்மை. அவளுக்கு அது போதவில்லை என்பதும் தெரிந்தது.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது மறுபடி கூப்பிட்டாள். பண்ணாரி அம்மன் கோயிலுக்குக் குழந்தையைக் கூட்டிப்போகிறார்களாம். “சத்தி தாண்டித்தானுங்க போகோணும். தம்பியோட ஊடு எங்கீங்க? ஒரெட்டுப் பாத்துட்டுப் போலாம்னு.”

தரணியை எனக்குத் தெரியும். அவன் வீட்டை எனக்குத் தெரியாது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அப்பா கோபியில சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிருக்காருங்க. அம்மா மட்டும்தான் இருக்காங்க” என்றான். பிறகு, “அம்மா எப்படி எடுத்துக்குவாங்கன்னு எனக்கே தெரியலீங்க மேடம். ஆனா வரச்சொல்லுங்க” என்றான். நானும் கூட வருவதாகச் சொன்னேன். சிங்காநல்லூரிலிருந்து பேருந்து பிடித்துப் போய், கருமத்தம்பட்டியில் மணியின் நண்பருடைய வேனில் ஏறிக்கொண்டேன்.

தோட்டத்துக்கு நடுவில் வீடு. முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தரணி பாதியாக இளைத்திருந்தான், கண்ணில் மஞ்சள் போய்விட்டிருந்தது. குழந்தையைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் அம்மா என்னை, “வாங்க, வாங்க” என்று வாயார வரவேற்றார். சுகந்தியையும் மணியையும் உட்காரச் சொன்னார். சொல்லிவிட்டு, “நீங்க எந்த ஊருங்க?” என்றார். சுகந்தி சொன்னாள்.

“அங்க எங்கீங்க?”

“காலனிங்க” என்றாள் சுகந்தி, குழந்தையின் துண்டைச் சரிசெய்தபடி.

அந்த அம்மா உள்ளே போனார். கொஞ்சம் அதிக நேரம் ஆனதாக எனக்குத் தோன்றியது. தரணி எழப் போனான். நான் கண்ணாலேயே உட்காரச் சொன்னேன். இது அவன் பேச வேண்டிய இடம் இல்லை.

வந்தார். ஒரு தட்டில் இரண்டு எவர்சில்வர் சொம்பு. எனக்கு ஒன்றை நீட்டிய அதே கையால் மற்றதைச் சுகந்தியிடம் நீட்டினார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சுகந்தி சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, “காச்சுன தண்ணிங்களா?” என்று கேட்டாள்.

தரணியின் அம்மா திகைத்துப்போனார். அந்த வீட்டு வாசலில் அப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காலனியிலிருந்து வந்த ஒரு பெண் கேட்பாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மணி தரையைப் பார்த்தான்.

“குழாத் தண்ணிங்க” என்றார் அந்த அம்மா.

“புள்ளைக்குப் பால் குடுக்கறேனுங்க. அதுக்குத்தானுங்க கேட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாள் சுகந்தி. சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை சீக்கிரமே வந்தார், கையில் மூடிபோட்ட ஒரு பித்தளைச் சொம்போடு. வந்தவர் அதை நீட்டாமல் நின்றார்.

“இவனுக்குன்னு காச்சி வெச்சதுதான் இருக்குது. இவன் சொம்புங்க” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “குடிப்பீங்களா அம்மணி?” என்று கேட்டார்.

தரணி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

சுகந்தி குழந்தையை மணியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தாள். முழுவதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, “சீரகம் போட்டிருக்கறீங்களாட்ட இருக்குதுங்க” என்றாள்.

“இவந்தான் போடச் சொன்னான். எங்கயோ யாரோ சொல்லிக்குடுத்தாங்களாமா” என்றார் அந்த அம்மா.

சுகந்தி தரணியைப் பார்த்துச் சிரித்தாள். காலிச் சொம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்ட அந்த அம்மா, “இருங்க, மத்தவங்களுக்கும் காச்சறேன். ஆறுனதும் குடிச்சுப்போட்டே போலாம்” என்று உள்ளே நடந்தார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். குழந்தை கை மாறி, கடைசியில் தரணியின் மடிக்கு வந்து தூங்கிப்போனது.

தண்ணீர் ஆறிக் குடித்துவிட்டுப் பண்ணாரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பூசை முடிந்து நடை சாத்தியிருந்தார்கள். மறுபடி திறக்கும்வரை வெளியே காத்திருந்தோம்.